ரீச்சரின் கயிறடிப் பாடம்

நல்ல ஆசிரியை ஒருவரை நான் பொய் சொல்லிப் பாடசாலையிலிருந்து அனுப்பினேன். அப்போது நான் அதிபர். இதை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றதை எழுத எனக்கு மனம் வரும்.

திருகோணமலைக் கரையில் மீனவக் குடும்பங்களின் பிள்ளைகள் படித்த சிறிய பாடசாலை அது. நான்காம் வகுப்பு ரீச்சர் மூதூர்ப் பக்கத்தவர். காலையில் பிள்ளைகளைக் கயிறடிக்க விடுவார். இருவர் கயிற்றைச் சுழற்ற, மற்றவர்கள் துள்ளித் தாண்டுவார்கள். வள்ளங்களில் கழித்த கயிறுகளைத் தகப்பன்மார் கொடுத்தார்கள். கயிறு பிள்ளைகளோடு வீட்டுக்கும் போனது. பின்னேரங்களில் தாய்மாரும் மணலில் துள்ளத் தொடங்கினார்கள். "நான் துள்ளினா கடல் உள்ளுக்கு வரும், தள்ளி நில்லுங்கோடி" என்று பருத்த உடம்புக்காரி ஒருத்தி சொன்ன பகிடி கரை முழுக்க உலாவியது.

ரீச்சர் அதையே சுற்றாடல் பாடமாக்கினார். கயிறடியால் ஊரின் சுகத்தில் என்ன மாறியது என்று வீடுகளில் கேட்டுவரச் சொன்னார். ஒருநாள் ஜன்னலோரம் நின்று கேட்டேன்.

"கயித்தாலதான் எங்கட அம்மாக்குச் சீனி வருத்தம் குறைஞ்சது, ரீச்சர்," என்றாள் ஒரு சிறுமி.

"அம்மா மருந்து எடுக்கிறேல்லையோ?"

"எடுக்கிறவ."

"அப்ப கயித்தால மட்டும்தான் எண்டு சொல்லலாமோ?"

சிறுமி யோசித்தாள். "ஏலாது. ஆனா முந்தி அம்மா கிளினிக்குக்குப் போறேல்ல, ரீச்சர். இப்ப கயிறடிக்கிற மாமியாக்கள் கூட்டிக்கொண்டு போகினம்."

"அது கயிறு செய்த வேலைதான். அதைச் சொல்லுங்கோ."

ஆசைப்படுவதையும் அறிந்ததையும் பிரித்துப் பார்க்க ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அவர் கற்றுக்கொடுத்தார். இப்படியொரு பாடம் என் பாடசாலையில் நடந்ததை நினைத்தால் இன்றும் பெருமையாக இருக்கிறது. ஆனால் அன்று என் தலைக்குள் இருந்தது புலமைப்பரிசில் பரீட்சை. கயிறடியில் காலம் போனால் பெறுபேறு விழும், என் பெயர் கெடும் என்று பயந்தேன்.

கடலுக்குப் போகும் கயிற்றைப் பெண்கள் தாண்டக்கூடாது என்பது அந்தக் கரையின் வழக்கம். வள்ளங்கள் வைத்திருந்த முதிய சம்மாட்டி ஒருவர் வந்து ரீச்சரிடம் இதைக் கேட்டார். "இது இனிக் கடலுக்குப் போகாத கயிறு, ஐயா," என்றார் ரீச்சர்.

"அப்பச் சரி, பிள்ளை. முழங்கால் நோகாட்டி நானும் துள்ளுவன்," என்று சிரித்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

அதோடு முடிந்த கதையை நான் முடியவிடவில்லை. ஊரே கொதிக்கிறது, வழக்கத்தை இந்த ஆசிரியை மதிக்கவில்லை என்று கல்வி அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். கட்டைபறிச்சான் என்ற ஊருக்கு அவருக்கு மாற்றம் வந்தது. "ஆர் கோவிச்சது எண்டு மட்டும் சொல்லுங்கோ சேர், நான் போய்க் கதைக்கிறன்," என்று ரீச்சர் கேட்டார். "ஊர்தான்," என்றேன். கயிறுகளை வாங்கிப் பூட்டிவைத்தேன். கரையிலும் துள்ளல் நின்றுபோனது.

ஓய்வுபெற்று நெடுங்காலத்துக்குப் பிறகு, போன வருடம், பஸ் ஏறிக் கட்டைபறிச்சானுக்குப் போய், இன்னும் அங்கேயே படிப்பித்துக்கொண்டிருந்த ரீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரீச்சர் கடைசிவரை கேட்டார். பிறகு, "என்னட்டச் சொன்னது காணாது, சேர். அந்தப் பெண்டுகளிட்டச் சொல்லுங்கோ," என்றார்.

பழைய பாடசாலையின் பெற்றார் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். அன்று சீனியைப் பற்றிச் சொன்ன சிறுமி இப்போது தாயாக அங்கே இருந்தாள். "அப்ப ஒருத்தரும் கோவிக்கேல்லையோ, சேர்?" என்றாள்.

"இல்லை. பொய் சொன்னது நான்."

"சம்மாட்டி ஐயாதான் ரீச்சரைப் பற்றிக் கோள் சொன்னவர் எண்டு அந்த வீட்டோட நாங்கள் கதைக்காம விட்டனாங்கள். அவர் செத்த வீட்டுக்கும் போகேல்ல."

இது எனக்குத் தெரியாது. அவளோடு அந்த வீட்டுப் படியேறி, அவருடைய மருமகளிடமும் சொன்னேன். மருமகள் என்னை இருக்கச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த கிழமை கரையில் பெண்கள் மறுபடி கயிறடிக்கக் கூடியபோது, கயிற்றின் ஒரு முனையை அவர்தான் பிடித்திருந்தார்.

இந்தத் தவணை புதிய அதிபர் அழைத்து, ரீச்சர் தன் வகுப்போடு வந்தார். இரு ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்து அதே பாடத்தைப் படித்தார்கள். ஒரு சிறுவன் எழுந்தான். "ரீச்சர், கயிறடி நிண்டதால ஊருக்கு என்ன நடந்தது எண்டும் கேக்கலாமோ?"

"கேக்கத்தான் வேணும்," என்று சொல்லி ரீச்சர் என் பக்கம் திரும்பினார். "சேருக்குத் தெரியும்."

பிள்ளைகளின் சின்னக் கதிரையில் இருந்தபடி, சம்மாட்டி ஐயாவிலிருந்து தொடங்கினேன்.