காருக்கு வைத்த பொட்டு

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் ஓர் அடிமுட்டாள். என் மனைவி விஜயா இதைக் கல்யாணமான மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். எனக்குத் தெரியவந்தது போன ஞாயிற்றுக்கிழமைதான்... ஈப்போ பக்கத்து லகாட்டில், ஒரு கார் பட்டறை வாசலில், பட்டு ஜிப்பாவோடு நின்றபோது.

கொழுந்தியாள் மகனுக்குக் கல்யாணம். பெண் ஊர் ஹுத்தான் மெலிந்தாங்; மண்டபமும் அங்கேதான், ஒன்றரை மணி நேர ஓட்டம். தாலி செய்தது ஈப்போவில். தாலியைக் கொண்டுபோகும் பொறுப்பு விஜயாவுக்கு. விஜயாவைக் கொண்டுபோகும் பொறுப்பு எனக்கு. முகூர்த்தம் பத்தரைக்கு மேல். ஏழரைக்கே ஈப்போவிலிருந்து கிளம்பிவிட்டோம்.

லகாட் வருவதற்குள் காரின் வயிற்றிலிருந்து ஒரு சத்தம். கட... கட... கட...

"என்னங்க சத்தம்?"

"ரோடு சரியில்ல."

"கார் சிக்னல்ல நிக்குதுங்க."

ரேடியோவைக் கூட்டினேன். என்ஜின் சத்தத்துக்கு இந்த வைத்தியத்தைத்தான் இரண்டு வாரமாகச் செய்துவந்தேன். மேட்டில் கார் இழுக்காதபோது, பாரம் அதிகமோ என்று விஜயாவை ஓரக்கண்ணால் பார்த்தேன்; உயிர் மேல் ஆசை, உடனே ரோட்டைப் பார்த்தேன். கருகல் வாடை வந்தபோது, யார் வீட்டிலோ சமையல் என்றேன். நெடுஞ்சாலையில் யார் வீடு?

"நிறுத்துங்க! தாலி என் மடியில இருக்கு!"

நிறுத்திய இடத்தில் கடவுளாகப் பார்த்து ஒரு பட்டறையை வைத்திருந்தார். பட்டறைக் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தவர் பிலோமினா அக்கா. ஐம்பது வயதிருக்கும். அவர்தான் முதலாளி, அவர்தான் மெக்கானிக். எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிக் காட்டினார். அதில் ஒட்டியிருந்தது எண்ணெயா? கோழிப் பிரட்டலுக்கு ஊற்றுவோமே, கெட்டியான சோயா சாஸ், கறுப்புக் கிச்சாப்... அதேதான்!

"எண்ணெய் எப்பண்ணே மாத்துனீங்க?"

"போன மாசம்தான். வீட்டுலயே, நானே மாத்துனேன்!" நெஞ்சு நிமிர்ந்தது.

"பில்டரு?"

நெஞ்சு இறங்கியது. "அது... கழட்ட வரலக்கா. வெளிய நல்லாத் தொடச்சு விட்டேன்."

"எத்தன தடவ இப்படி?"

"நாலு."

"நாலு தடவ குளிச்சிட்டு, அதே அழுக்கு பனியன போட்டிருக்கீங்க."

விஜயா சிரித்தாள். தாலிப் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான்.

"மீட்டர்ல எண்ணெ விளக்கு எரியலயாண்ணே?"

"ஒரு நாளும் எரியலக்கா. சத்தியமா!"

அக்கா உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். மீட்டர் மூலையில் விரலை வைத்தார். "இது என்னாண்ணே?"

ஆயுத பூசைக்கு நான் வைத்த சந்தனம் குங்குமம். ஸ்டியரிங், கியர், கண்ணாடி என்று எதையும் விடவில்லை. மீட்டர் மூலையில் மட்டும் தாராளமாக, ஐம்பது காசு அகலத்துக்கு! சாமிக்கு வைத்த பொட்டை நாமே அழிக்கலாமா? விட்டுவைத்திருந்தேன்.

"தொடைங்க."

"நீங்களே தொடச்சிருங்களேன்க்கா."

"நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போறவ. சாமி குத்தம் எனக்கு எதுக்கு? நீங்களே தொடைங்கலா!"

துடைத்தேன். அக்கா சொன்னபடி ஒரு நொடி என்ஜினைப் போட்டேன்; உள்ளே சிவப்பாக ஒரு விளக்கு சிமிட்டியது. எத்தனை நாளாக? ஆண்டவனுக்குத்தான் தெரியும். அவர்தானே அதன் மேல் உட்கார்ந்திருந்தார்!

விஜயா என் பக்கமே திரும்பவில்லை. அக்காவைத்தான் கேட்டாள்: "தாலி கட்டுறதுக்குள்ள போயிருவோமா?"

"என்ஜின் இன்னும் இறுகல. அதுவே அதிர்ஷ்டம். முக்கா மணி நேரம் குடுங்க."

பில்டர் அசையவில்லை. அக்கா ஸ்க்ரூ டிரைவரை அதன் வயிற்றிலேயே குத்தி, ஒரு திருகு திருகினார். டார்ச் பிடித்திருந்த என் ஜிப்பாவுக்குக் கறுப்புப் புள்ளிகளில் புது டிசைன். புது பில்டர், புது எண்ணெய். சாவியைத் திருப்பினால் சிவப்பு விளக்கு எரிந்தது... அணைந்தது. சத்தமே இல்லை! அப்படி ஓர் அமைதியை நான் எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை.

யோசித்துப் பார்த்தால், காருக்கு மட்டுமா பொட்டு வைத்து மறைக்கிறோம்? சர்க்கரை கூடியிருக்கிறது என்று கிளினிக்கில் கொடுத்த இனிப்புநீர் ரிப்போர்ட்டும் என் அலமாரியில் சாமி காலண்டருக்குப் பின்னால்தான் இருக்கிறது.

மண்டபத்தை எட்டியபோது பத்தரை தாண்டியிருந்தது. வாசலிலேயே நின்ற கொழுந்தியாள், பெட்டியைக் கண்டதும் அழுதுவிட்டாள். பதினொரு மணிக்குக் கெட்டிமேளம். மாப்பிள்ளை மூன்றாவது முடிச்சைப் போட்டபோது அரிசியை எல்லோரையும்விட உயரமாக எறிந்தவன் நான்தான்.

பந்தியில் என் கொடி பறந்தது. "கடகடன்னு சத்தம், இழுவை கம்மி, கருகல் வாடை, சிவப்பு விளக்கு... இதுல ஒண்ணு வந்தாலும் வண்டிய நிறுத்தி, பில்டரப் பாக்கணும். எண்ணெ மாத்துறப்ப பில்டரையும் சேர்த்து மாத்தணும் மச்சான்!" உறவுக்காரர்கள் பாயசத்தோடு தலையாட்டினார்கள். எனக்கே என் அறிவு தாங்கவில்லை.

விஜயாவிடம் திரும்பினேன். "எப்படி? எல்லாம் கரெக்டாச் சொன்னேனா? திரும்பிப் போறப்ப பாரு, வண்டிய எப்படிப் பறக்க விடுறேன்னு!"

அவள் கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க."