சிம்பாங் பூலாயில் நுரைத்த ஸ்டீரிங் எண்ணெய்

மலேசியாவில் தைப்பிங்கிலிருந்து பழைய சாலையில் ஈப்போ, காம்பார் வரை கார் ஓட்டிப் போக ஆசைப்படும் சிலர் வழி கேட்டு எழுதியிருந்தார்கள். நான் அந்தச் சாலையில் மறக்க முடியாதபடி போனது 1983இல், ஒரு செவ்வாய்க்கிழமை. ஊர் பார்க்கப் போகவில்லை. காம்பாருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்த என் அக்கா அஞ்சலைக்கு ஈப்போவில் காலை பதினொரு மணிக்குக் குடியுரிமை நேர்முகம். தோட்டத்திலேயே பிறந்தவள்தான். பிறப்பைப் பதியாமல் விட்டதால் நாற்பது வயதிலும் கையில் சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களுக்கான அடையாள அட்டை. குடிமக்களுக்கான நீல ஐசி வேண்டுமென்றால் அதிகாரி முன்னால் மலாய் பேசிக் காட்ட வேண்டும். முந்தைய தடவை அக்கா பயத்தில் வாயே திறக்கவில்லை. இந்தத் தடவையும் கோட்டை விட்டால் அடுத்து எப்போது கூப்பிடுவார்களோ, யாருக்கும் தெரியாது.

காம்பாரிலிருந்து பஸ் இருந்தது. ஆனால் நான் அப்போதுதான் பவர் ஸ்டீரிங் வைத்த பழைய கார் ஒன்று வாங்கியிருந்தேன். லோரியில் நின்றுகொண்டே புல் வெட்டும் வெளிக்காட்டு வேலைக்குப் போன அக்கா, அரசாங்க ஆபீஸ் வாசலில் காரிலிருந்து இறங்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

காலை ஐந்தரைக்கு மழையோடு தைப்பிங்கை விட்டேன். ஈப்போவுக்கு ஐம்பது மைல். ஏழு இருபதுக்குச் சேர்ந்தேன். அங்கே ஒரு வளைவில் திருப்பும்போது ஸ்டீரிங் முனகியது. இன்னும் இருபத்து நான்கு மைல் ஓட்டி, காம்பார் தாண்டித் தோட்டத்தில் நுழைந்தபோது எட்டேகால். பானெட்டைத் திறந்தால், ஸ்டீரிங் எண்ணெய்த் தொட்டி முழுக்க இளஞ்சிவப்பு நுரை, ரோஜா சிராப் ஊற்றிய பால் மாதிரி.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று நாளைக்கு முன், அந்தத் தொட்டியிலிருந்து பம்புக்குப் போகும் ரப்பர் குழாயின் கிளிப் துருப்பிடித்து உடைந்திருந்தது. ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணத்தை, அதாவது மங்கு, கட்டுகிற கம்பி ஒரு சுருள் எப்போதும் என்னிடம் இருக்கும். தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு அந்தக் கம்பியால் கட்ட முடியாதது எதுவும் கிடையாது. வேலிக் கதவு, சைக்கிள் மட்கார்ட், வாளிப் பிடி எல்லாம் அதில்தான் நின்றன. குழாயையும் அதனாலேயே முறுக்கிக் கட்டிவிட்டேன். ஒரு சொட்டுகூட வெளியே கசியவில்லை. அதனால் நுரை தானாக அடங்கிவிடும் என்று பானெட்டை மூடினேன்.

எட்டே முக்காலுக்கு அக்காவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அதிகாரி கேட்கக்கூடிய கேள்விகளை மலாயில் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். அவள் யோசிப்பதற்குள் பதிலையும் நானே சொல்லிவிடுவேன்.

“டேய், நீயே பேசினா எனக்கு எப்படிடா வாய் வரும்? சும்மா ஓட்டுலா” என்றாள்.

சிம்பாங் பூலாயை நெருங்கும்போது பம்பு அலற ஆரம்பித்தது. ஸ்டீரிங் கல்லாக இறுகியது. ஒன்பது முப்பத்தைந்துக்கு ஒரு பட்டறையில் நிறுத்தினேன். ஈப்போவுக்கு எட்டு மைல்தான் பாக்கி. பட்டறை முதலாளி ஒரு சீனர், எங்களோடு மலாயில் பேசினார். என் கம்பிக் கட்டைப் பார்த்துவிட்டு, இது யார் வேலை என்று கேட்டார். அக்கா தாடையால் என்னைக் காட்டினாள்.

எண்ணெயே வெளியே வரவில்லையே, காற்று மட்டும் எப்படி உள்ளே போகும் என்று அக்காதான் கேட்டாள், மலாயிலேயே. அவர் அவளுக்குக் குழாயைக் காட்டி விளக்கினார். இது பம்பு உறிஞ்சுகிற பக்கம். கம்பி இரண்டு இடத்தில் கடித்து நடுவில் இடைவெளி விடுகிறது. எஞ்சின் ஓடும்போது அந்த இடைவெளி வழியாகக் காற்றை இழுக்கிறது. அக்கா தலையாட்டிக் கேட்டாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதுக் கிளிப் போட்டு, முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, உள்ளே புகுந்த காற்று வெளியாக, எஞ்சினை முடுக்காமல் ஸ்டீரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாக இருபது தடவை திருப்பச் சொன்னார். நான் அவசரமாகப் பன்னிரண்டு திருப்பினேன். அவர் துணி எடுக்கத் திரும்பிய நேரத்தில் சாவியைப் போட்டு ஆக்சிலேட்டரையும் மிதித்துவிட்டேன். தொட்டியில் மறுபடியும் நுரை பொங்கியது.

“சாபார்லா, தம்பி, பொறுமை!” என்று அவர் கத்தினார். நுரை அடங்க இன்னும் முக்கால் மணி நேரம், வண்டியைத் தொடக் கூடாது என்றார். அப்போது பத்து இருபது.

“பத்தே நிமிஷம்க்கா, போயிடலாம்” என்றேன்.

“நீ உன் காடியைப் பாரு. நான் என் ஐசியைப் பார்க்கிறேன்” என்று ஃபைலை எடுத்துக்கொண்டு சாலைக்குப் போனவள், வந்த ஈப்போ பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறிவிட்டாள். அறுபது காசு டிக்கெட். நானும் ஓடிப்போய் ஏறியிருக்கலாம். காரை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.

அந்த முக்கால் மணி நேரம் பட்டறையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அவள் மறுபடியும் வாய் திறக்காமல் நிற்பதுதான் கண்ணில் வந்தது. பதினொன்று ஐந்துக்கு எண்ணெய் தெளிந்தது. இந்தத் தடவை ஒழுங்காக இருபது தடவை திருப்பினேன். எஞ்சினை முடுக்கியதும் சத்தமே இல்லை. பதினொன்று ஐம்பதுக்கு ஈப்போ ஆபீஸ் படியில் ஓடி ஏறினேன். அக்கா இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

“என்னக்கா கேட்டாங்க?”

“எப்படி வந்தீங்கன்னு கேட்டாரு. மங்குக் கம்பி, காத்து, நொரை, எல்லாத்தையும் மலாய்லயே சொன்னேன். அவரு சிரிச்சிட்டு, காத்து வெளியாக எவ்வளவு நேரம் ஆகும்னாரு. தம்பி சும்மா இருந்தா அரை மணி நேரம், இல்லாட்டி ரெண்டு மணி நேரம்னு சொன்னேன். போதும், பாஸுன்னுட்டாரு.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் பிடுங்கித் தின்றது. நீல ஐசி ஐந்து மாதம் கழித்து வந்தது.

இப்போது நெடுஞ்சாலையில் தைப்பிங்கிலிருந்து ஈப்போவுக்கு ஒரு மணி நேரம் போதும். பழைய சாலைதான் வேண்டும் என்பவர்கள் ஆறு மணிக்கு முன் கிளம்புங்கள். ஸ்டீரிங் முனகி எண்ணெய் நுரைத்தால், கசிவைத் தேடுவதற்கு முன் பம்புக்குப் போகும் குழாயின் கிளிப்பைப் பாருங்கள். கம்பி கட்டாதீர்கள். திருப்பும்போது கோடியில் பிடித்து நிறுத்தாதீர்கள். நுரை தெரிந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு டீ குடியுங்கள். முக்கியமான வேலையாக யாரையாவது கூட்டிப்போகும்போது வண்டி நின்றால், முதலில் அவரைப் பஸ் ஏற்றிவிடுங்கள். நான் ஏற்றிவிடவில்லை. அக்காவே ஏறிக்கொண்டாள்.