பேருந்தில் நான் அழுத்திய ‘ஆம்’

மூன்று வருடங்களுக்கு முன்பு புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் வேலை பார்த்தேன். குளத்தூரிலிருந்து தினமும் பஸ். எப்படியும் கால் மணி நேரம் தாமதமாகிவிடும். பக்கத்து இருக்கைத் தோழி, பொன்னமராவதிப் பெண், என் பாஸ்வேர்டைப் போட்டு என் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துவிடுவாள். நான் வந்துவிட்டதாகவே பதிவாகிவிடும். மதியம் இருவரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம்.

புதிதாக வந்த கம்ப்யூட்டர் பொறுப்பாளர் ஒரு ஏற்பாடு செய்தார். கம்ப்யூட்டரை யார் திறந்தாலும், அந்தப் பெயருக்கு உரியவரின் செல்போன் “நீங்கள்தானா?” என்று கேட்கும். ‘ஆம்’ என்று அழுத்தினால்தான் உள்ளே விடும்.

“பத்து வருஷமா இங்கதான் கெடக்கேன். என்னையவே யாருன்னு கேக்குமா?” என்று சண்டைக்கே போய்விட்டேன்.

“ஒங்கள நம்பாம இல்லக்கா. ஒங்க பேர்ல வேற யாரும் வந்துறக் கூடாதுல்ல” என்றார்.

என் மண்டையில் ஏறினால்தானே. தோழி திறப்பாள், போன் கேட்கும், பஸ்ஸில் நின்றபடியே ‘ஆம்’ அழுத்துவேன். அந்தத் திங்கட்கிழமையும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பார்க்காமலே அழுத்தினேன்.

போய்ச் சேர்ந்தால், ‘பணம் கொடுத்தால்தான் திறந்துவிடுவோம்’ என்று எல்லாத் திரையிலும் ஒரே மிரட்டல். நோயாளிகளின் ரிப்போர்ட் ஒன்றுகூடத் திறக்கவில்லை. டயாலிசிஸுக்கு வந்த பெரியவர் ஒருவரை, பழைய விவரம் தெரியாமல் திருச்சிக்கு அனுப்பினார்கள். அவர் ஆட்டோவில் ஏற முடியாமல் தவித்ததை நானே பார்த்தேன்.

மிரட்டியவர்கள் என் பெயரில்தான் நுழைந்திருக்கிறார்கள். மேலாளர் கூப்பிட்டு, காலையில் என் பெயரில் திறந்தது யார் என்று விசாரித்தபோது பயந்துபோய், “காலையில அவதான் சார் தெறப்பா” என்று சொல்லிவிட்டேன்.

“இன்னைக்கு நான் தொடவே இல்லக்கா. வந்ததுலேருந்து ஒரே கூட்டம். நீங்களாச்சும் சொல்லுங்க” என்று தோழி என் கையைப் பிடித்தாள். தொடவில்லை என்று எதை வைத்துக் காட்டுவாள்? தினமும் திறந்தவள் அவள்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்று மாலையே அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்துத்தான் உண்மை தெரிந்தது. மருத்துவமனையே அனுப்பியது போல வந்த ஒரு மெயிலில், முந்தைய வாரம் நான்தான் பாஸ்வேர்டை அடித்துக் கொடுத்திருக்கிறேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் நான். எங்கிருந்தோ அதைப் போட்டுத் திறந்தவனுக்கு, பஸ்ஸில் நின்று சம்மதம் சொன்னதும் நான்தான்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிற்று. அவளைத் திரும்பக் கூப்பிட்டார்கள், அவள் வரவில்லை. மன்னிப்புக் கேட்கப் பொன்னமராவதிக்குப் போனேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள்.

“வேலை போனா போகுதுக்கா. சார்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல” என்றாள்.

முகம் தெரியாத எவனுக்கோ யோசிக்காமல் சம்மதம் சொன்ன நான், கூட உட்கார்ந்து சாப்பிட்டவளுக்காக வாய் திறக்கவில்லையே என்ற குற்ற உணர்வு இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.