ஐஸ் பெட்டியில் வைத்த மருந்து

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஏரியில் இறங்கிச் சேற்றைத் தடவி இறால் பிடிக்கும்போது, நான் கைவைக்கப் போகிற இடத்தில் பக்கத்தில் வருகிறவள் கைவைத்தால் போதும், ஏசிவிடுவேன். வாயில் இறால் கூடையைக் கவ்விக்கொண்டே ஏசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று மற்ற பெண்கள் கேலி செய்வார்கள். என் வீட்டுக்காரர் ஏதாவது பேசுவதற்கு முன்னால் என் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொள்வார். இந்தக் கோபத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அது எப்படிப் போனது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மகளுக்கு நாலு வயது நடக்கும்போது சர்க்கரை வந்தது. சர்க்கரை என்றால் வயதானவர்களுக்கு வருவது என்று நினைத்திருந்தேன். குடத்துத் தண்ணீரை அவள் ஒருத்தியே குடித்துத் தீர்த்தாள். குடித்ததையெல்லாம் பாயில் விட்டாள். பாயை அலசிக் காயப்போட்டே அலுத்துப்போய் அதற்கும் ஏசினேன். எலும்பும் தோலுமாக ஆனவளைச் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் விஷயம் தெரிந்தது. இவள் உடம்பில் இன்சுலின் சுரப்பதே இல்லை, ஆயுசுக்கும் ஊசி போட வேண்டும், ஒரு வேளைகூட விடக் கூடாது என்றார்கள். மாத்திரை கிடையாதா என்று வீட்டுக்காரர் கேட்டார். கிடையாது. வளர்ந்தால் சரியாகுமா என்று நான் கேட்டேன். ஆகாது.

ஊசி போட எனக்குத்தான் கற்றுக்கொடுத்தார்கள். இறால் முள் குத்திக் குத்தித் தடித்துப்போன விரல்கள் என்னுடையவை. அந்த மெல்லிய ஊசி பிடிபடவே ஒரு வாரம் ஆயிற்று. காலையிலும் மாலையிலும் அவள் பாவாடையைத் தூக்கித் தொடையைக் காட்டுவாள். முதல் மாதம் கத்தினாள். அப்புறம் கத்தவில்லை. கத்தாமல் இருந்தது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும், வெயில் படக் கூடாது, சூடானால் கெட்டுவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வேறு என்னென்ன சொன்னார்களோ எனக்கு நினைவில்லை. கட்டாயம் சொல்லியிருப்பார்கள். என் காதில் நின்றது குளிர்ச்சி என்கிற ஒன்றுதான். அது எங்களுக்குத் தெரியாத சங்கதியா என்ன? வீட்டுக்காரர் எங்களைப் போன்ற பெண்களிடம் இறாலையும் நண்டையும் வாங்கிப் பெட்டியில் ஐஸ் போட்டு, வண்டியில் கட்டிப் பொன்னேரி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறவர். பார் ஐஸை உடைத்து ஒரு அடுக்கு, இறால் ஒரு அடுக்கு, மேலே கொஞ்சம் கல்லுப்பு, மறுபடியும் ஐஸ். உப்புப் போட்டால் குளிர் இன்னும் இறங்கும். கல் மாதிரி இறுகிப்போன இறாலைத் தண்ணீரில் போட்டால் பிடித்த அன்றைக்கு இருந்ததுபோலவே இருக்கும். ஐஸ் பட்டுக் கெட்டுப்போன பொருளை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. தெருமுனைக் கடைக்கார அக்கா தன் பிரிட்ஜில் கலர் பாட்டில்களுக்குப் பக்கத்தில் மருந்துக்கு இடம் கொடுத்திருந்தாள். இரண்டு வருடம் அப்படியே ஓடியது. மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போனாள். கன்னத்தில் சதை பிடித்தது. யாராவது மிட்டாய் நீட்டினால், "எனக்கு சர்க்கர கீது" என்று தானே சொல்லிவிடுவாள். பாகற்காய்ச் சாறு கொடு, அந்தக் கோயிலில் விளக்குப் போடு என்று வழியில் நிறுத்தி யோசனை சொன்னவர்களை நானும் வழியிலேயே நிறுத்திப் பதில் சொல்லி அனுப்பினேன். பிழைத்துக்கொண்டோம் என்று நினைத்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காற்று பலமாக அடித்து, ரோட்டோரம் இருந்த கம்பங்கள் சாய்ந்தன. ஊரில் கரண்ட் இல்லை. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. முதல் நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மாதத்து மருந்தை வாங்கி வந்து வைத்திருந்தோம். பிரிட்ஜ் சூடாகிவிட்டது என்று கடைக்கார அக்கா எல்லாப் பாட்டிலையும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வீட்டுக்காரர் சிரித்தார்.

"பொட்டி கீதே நம்மகிட்ட, அப்புறம் இன்னாத்துக்கு பயப்படுற?"

பாட்டில்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டார். மார்க்கெட்டில் நல்ல விலை போகும் பெரிய இறாலை எப்போதும் பெட்டியின் நடுவில், குளிர் அதிகமாக இருக்கும் இடத்தில்தான் வைப்பார். மருந்தையும் அங்கேதான் வைத்தார். அதற்கென்று தனியாக ஐஸ் உடைத்தார். உப்பும் தாராளமாகப் போட்டார். மகளுக்கு என்று எதைச் செய்தாலும் அவர் அப்படித்தான், ஒரு கை கூடுதலாகவே செய்வார்.

மறுநாள் காலை ஒரு பாட்டிலை எடுத்தேன். உள்ளே வெள்ளையாக உறைந்திருந்தது. நன்றாகப் பிடித்திருக்கிறது என்று எனக்குச் சந்தோஷம்தான். உள்ளங்கையில் வைத்து உருட்டினேன். மருந்தை உருட்டிக் கலக்கித்தான் ஏற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். உருகியது. உள்ளே சின்னச் சின்னத் துகளாக ஏதோ மிதந்தது. சரியாகக் கலக்கவில்லை என்று இன்னும் கொஞ்ச நேரம் உருட்டினேன். பிறகு அவள் தொடையில் போட்டேன்.

அன்று சாயங்காலம் விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை ஏறியிருந்தது. மறுநாள் காலையில் இன்னும் ஏறியிருந்தது. ஊசியை ஒரு வேளையும் விடவில்லை. சோறு அளவாகத்தான் போட்டேன். அப்படியானால் மிச்சம் இருப்பது ஒன்றுதான், இவள் திருட்டுத்தனமாக எதையோ தின்கிறாள். அப்படித்தான் என் புத்தி போனது. புத்தகப் பையைக் கொட்டினேன். பென்சில் டப்பாவில் சாக்லேட் காகிதங்கள் ஆறேழு இருந்தன. ஒவ்வொன்றையும் நீவி, மடித்து, அடுக்கி வைத்திருந்தாள்.

கேட்டேன். தின்னவில்லை என்றாள். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் தின்றுவிட்டுப் போட்ட காகிதமாம். "மோந்து பாக்கத்தாம்மா வெச்சினு கீறேன்" என்றாள்.

நான் நம்பவில்லை. அவள் முகத்தைப் பிடித்து வாயைத் திறக்கச் சொல்லி மோந்து பார்த்தேன். வாயில் கம்மென்று பழ வாசனை அடித்தது. பழுத்துக் கனிந்த பழத்தின் வாசனை. இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? ஊசி போடுகிற அதே தொடையில் அடித்தேன். உன் உயிரைப் பிடித்துவைக்க நாங்கள் இரண்டு பேரும் நாய் படாத பாடு படுகிறோம், நீ மிட்டாயா தின்கிறாய் என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். அடிக்கும்போது நானும் அழுதுகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் சொன்னாள்.

"ரெண்டு துன்னேம்மா. இனிமே துன்ன மாட்டேன்."

அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. காரணம் கிடைத்துவிட்டது, தடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று இருந்தது. அன்று அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. ஏறின சர்க்கரை இறங்கட்டும் என்று மதியம் பாதிச் சோறுதான் போட்டேன். ஐஸ் பெட்டியிலிருந்த மருந்தை வேளை தவறாமல் போட்டேன். அவள் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டாள், கொடுத்தேன். கேட்டது தண்ணீர் மட்டும்தான். சோறு கேட்கவில்லை.

அடுத்த நாள் காலையில் வாந்தி எடுத்தாள். மூச்சு ஓடி வந்தவளுக்கு வாங்குவதுபோல வாங்கியது. சர்க்கரை பார்க்கும் மெஷினில் எண் வரவில்லை, அளவுக்கு மேல் போய்விட்டது என்று காட்டியது. வீட்டுக்காரர் கட்டியிருந்த பெட்டியை அவிழ்த்து இறாலோடு அப்படியே தரையில் இறக்கிவிட்டு எங்களை வண்டியில் ஏற்றினார். திருப்பாலைவனம் தாண்டும்போது அவள் தலை என் தோளில் நிற்கவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்த்தாள், யாரோ பார்ப்பதுபோல. பொன்னேரியில் ஆம்புலன்சில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினார்கள். வழியெல்லாம் அவள் வாயிலிருந்து அந்தப் பழ வாசனை வந்துகொண்டே இருந்தது. இத்தனைக்குப் பிறகும் எந்த மிட்டாயின் வாசனை இப்படி நிற்கும் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். என் அறிவு அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, சின்ன வயதுதான், மகள் வாயருகே குனிந்த உடனே கண்டுபிடித்துவிட்டார். ஊசி போடுவதை நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டார். ஒரு வேளைகூட விடவில்லை என்றேன். இவள் சாக்லேட் தின்றுவிட்டாள், வாசனையே அடிக்கிறது என்றும் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அது சாக்லேட் வாசனை இல்லம்மா. இன்சுலின் வேலை செய்யலைன்னா உடம்புல விஷம் சேரும். மூச்சுல வர்றது அந்த வாசனைதான்."

மருந்தைக் கேட்டார். வீட்டுக்காரர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், இதை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். ஐஸில் என்று நான்தான் சொன்னேன். பெருமையாகவே சொன்னேன், உப்புப் போட்ட ஐஸில், கட்டியாகப் பிடிக்கிற அளவுக்கு நல்ல குளிரில் என்று. அவர் திட்டவில்லை. ஒரு தடவை உறைந்துவிட்டால் இது செத்த மருந்து, திரும்ப உருகினாலும் வேலை செய்யாது, இரண்டு நாளாகக் குழந்தைக்கு நீங்கள் மருந்தே போடவில்லை என்று மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன்.

அவளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கண்ணாடி வழியாகப் பார்க்கலாம், தொடக் கூடாது. இரண்டு கையிலும் டிரிப்ஸ். நானும் வீட்டுக்காரரும் வராண்டாவில் தரையில் உட்கார்ந்திருந்தோம். "நான்தான் வெச்சேன்" என்று அவர் ஒரே ஒரு முறை சொன்னார். நான்தான் உறைந்ததைப் பார்த்தேன், நான்தான் உருட்டினேன், நான்தான் அடித்தேன் என்று எனக்குச் சொல்ல வேண்டும்போல இருந்தது. தெரிந்தே ஒருவர் செய்த தப்பு என்றால் சண்டை போடலாம். இதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது? அவரிடம் சண்டை போடாமல் நான் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் அவளை வார்டுக்கு மாற்றினார்கள். என்னைப் பார்த்ததும் அவள் முதலில் சொன்னது, நான் எதுவும் தின்னலம்மா என்பதுதான். மருந்து கெட்டுப்போய்விட்டது, அம்மாவும் நைனாவும்தான் கெடுத்தோம், நீ ஒன்றும் செய்யவில்லை என்று அவள் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. தின்னாமலே எதற்குத் தின்றேன் என்று சொன்னாய் என்று கேட்டேன்.

"நீ அழுதுனு இருந்தம்மா. அதான் சொன்னேன்" என்றாள்.

இப்போது அவளுக்கு எட்டு வயது. கரண்ட் போனால் மருந்தை எப்படி வைப்பது என்று ஆஸ்பத்திரியில் மறுபடி சொல்லிக்கொடுத்தார்கள். பெரிய பானையில் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதற்குள் மருந்து. மணல் காயாமல் வீட்டுக்காரர்தான் தண்ணீர் தெளிக்கிறார். ஐஸ் பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை, வெளியே வண்டியோடு விட்டுவிடுகிறார். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்கிறோம். ஆனாலும் சில நாள் சர்க்கரை ஏறிவிடுகிறது. மருந்து சரி, சோறு சரி, காய்ச்சல்கூட இல்லை. வளர்கிற பிள்ளைக்கு அப்படித்தான், சில நாள் காரணமே இருக்காது என்று டாக்டரம்மா சொல்கிறார்.

அந்த மாதிரி நாட்களில் நான் எதுவும் கேட்பதில்லை. முகத்தைக்கூடச் சாதாரணமாகத்தான் வைத்துக்கொள்கிறேன். மெஷினில் எண்ணைப் பார்த்ததும் அவளே எழுந்து என் கிட்டே வருகிறாள். எக்கி நின்று, வாயை அகலத் திறந்து, மோந்து பார்க்கச் சொல்லி என் மூக்குக்கு நேரே காட்டுகிறாள்.