அளக்கச் சொல்லிக் கொடுத்த அக்கா

எங்கள் அக்கா காலமாகி இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நான் எட்டாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவள். கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்னார்கள்; எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது தாடிக்கொம்பில். அப்பா கிணற்றுப் பாசனத்தில் கத்திரியும் வெங்காயமும் போட்டவர். கலியாணமான இரண்டாம் வருடமே அக்கா கணவரை இழந்து வீடு திரும்பினார். ஊர்ப் பேச்சைக் காதில் வாங்காமல் அப்பா அவரை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பினார். அக்காவைப் படிக்க வைத்தார், என்னைக் கட்டிக் கொடுத்தார். திண்டுக்கல்லில் என் வீட்டை ஒட்டியே அக்காவுக்கு ஓர் அறை கிடைத்தது. பக்கத்துப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை ஆனார்.

கடைகளில் படியும் வீசையும் போய் லிட்டரும் கிலோவும் வந்துகொண்டிருந்த காலம் அது. பெரியவர்களே திண்டாடினார்கள். அக்கா தம் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்கள் எதையும் முதலில் சொல்லவில்லை. இரண்டு விளக்குமாற்றுக் குச்சிகளைக் கொடுத்து எது நீளம் என்று கேட்பார். பிள்ளைகள் குச்சியை ஏறுக்குமாறாகப் பிடித்துக்கொண்டு, மேலே துருத்துவதுதான் நீளம் என்பார்கள். அக்கா தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, இரண்டின் அடியையும் அதில் சேர்த்து வைக்கச் சொல்வார். அப்புறம் கேள்வியே தேவைப்படாது. சிரட்டையில் தராசு கட்டிப் புளியங்கொட்டை போட்டு நிறுத்தார்கள். ஒல்லி டம்ளரில் இருந்த தண்ணீரைக் குட்டைக் கிண்ணத்தில் ஊற்றிப் பார்த்தார்கள். விடையை அக்கா வாயால் சொன்னதே கிடையாது.

அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும். என்னிடம் பேசும்போது அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

என் ஒரே மகள் வசந்தாவும் அந்த வகுப்பில்தான் சேர்ந்தாள். அன்றிலிருந்து என் அடுப்படியில் நிம்மதி இல்லை. வடித்த சோறு முதல் சுட்ட தோசை வரை எல்லாவற்றையும் பெரியம்மா வீட்டுப் பண்டத்தோடு சேர்த்து வைத்துப் பார்ப்பாள். ஒருநாள் உயரமான டம்ளரில் பால் கொடுத்தேன்.

"டம்ளருதான்மா ஒசரம். பாலு கம்மி. பெரியம்மா கிண்ணத்துல ஊத்திப் பாப்பமா?" என்றாள்.

பொறுக்க மாட்டாமல் அக்காவிடம் போனேன். "ஏக்கா, ஊரார் பிள்ளைகளுக்கு அளக்கச் சொல்லிக் குடு. என் வீட்டுல எதுக்கு இந்த அளவு?"

"ஏண்டி, பாலக் கூட ஊத்திட்டுப் போயேன்," என்று சிரித்தார் அக்கா.

அந்தச் சிரிப்பு என்னை எரித்தது. அங்கேயே வசந்தாவைக் கூப்பிட்டு, "எங்க ரெண்டு பேருல ஒனக்கு யாரை ரொம்பப் புடிக்கும்?" என்று கேட்டுவிட்டேன். எது அதிகம், எது குறைவு என்று எவர் கேட்டாலும் அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எங்கள் இருவரையும் சுவரோரம் நிறுத்தினாள். குதிகாலைச் சரியாகச் சேர்த்து வைக்கச் சொன்னாள். நாற்காலியில் ஏறிப் பார்த்து, "பெரியம்மா" என்றாள்.

பிள்ளைக் கணக்கு என்று அக்கா சமாதானம் சொன்னார். எனக்கு ஆறவில்லை.

வசந்தா மூன்றாம் வகுப்புக்குப் போகும் சமயம் அக்காவுக்கு எரியோட்டுக்கு மாற்றல் வந்தது. வசந்தா சாப்பாட்டைத் தொடவில்லை. நானும் வருவேன் என்று ஒரே அழுகை. அக்காவுக்கும் ஒரு துணையாக இருக்கட்டுமே என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு இருந்தது ஒரு பிள்ளை. அக்கா எதுவும் கேட்கவில்லை. புறப்படும் அன்று மட்டும் சொன்னார்:

"நீ மனசார அனுப்புனாக் கூட்டிட்டுப் போறேன். இல்லன்னா வேணாம், பெத்தவ நீ."

அனுப்பினேன். மனசார என்று இன்றும் சொல்ல மாட்டேன்.

எரியோட்டில் அக்கா அவளை நன்றாக வளர்த்தார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் என் மகள் ஓர் ஆசிரியையைப் போலப் பேசினாள், அக்காவைப் போல நடந்தாள். இப்போது அவளும் ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறாள். அக்கா வயிற்று நோயில் படுத்த மூன்று மாதமும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவள்தான். நான் பஸ் ஏறிக் கஞ்சி கொண்டுபோனால், "வசந்தா கையில குடு, அவ ஊட்டட்டும்" என்பார் அக்கா. கொடுத்துவிட்டு வெளியே வந்து நிற்பேன்.

அக்காவிடம் படித்தவர்கள் தங்கள் பெற்றோரோடு வந்து வழியனுப்பினார்கள். எரியோட்டு அம்மாள் ஒருவர் வசந்தாவைக் கட்டிக்கொண்டு, "ஆத்தாளப் பறிகுடுத்துட்டியே தாயி" என்று அழுதார். வசந்தா திருத்தவில்லை. தண்ணீர்ச் செம்போடு நின்ற என்னைப் பார்த்து, "நீங்க ஒறவா?" என்று கேட்டார். தங்கச்சி என்றேன்.

நோயில் உதவிய மருத்துவருக்கும், இரவும் பகலும் துணை இருந்த எரியோட்டு அண்டை வீட்டாருக்கும், உடன் பணியாற்றிய ஆசிரியைகளுக்கும், காரியங்களை முன்நின்று நடத்திய பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. என் மகளுக்கு ஆறுதல் சொன்ன அந்த அம்மாளுக்கும் நன்றி. இந்த மலர் அவர் கைக்கும் போகும். வசந்தாவைப் பெற்றவள் நான்தான், அம்மா.