குட்டிக் குதிரையும் குதிரைக் குட்டியும்

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில் குடியிருந்த கதிர்காமநாதனுக்குப் பிழை என்றால் உயிர். அது பிறருடையதாக இருக்கும்வரை. முப்பத்தொரு வருடம் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருந்து இளைப்பாறியவர். அவரோடு இளைப்பாறியவர்களில் சிலர் கோயிலுக்குப் போனார்கள், சிலர் கனடாவுக்குப் போனார்கள். இவர் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு காலி வீதிக்குப் போனார்.

அங்கே அவருக்கு வேலை குவிந்து கிடந்தது. வரிசையில் நிற்கச் சொல்ல நினைத்த ஓர் அலுவலகம் "வரிசையில் விற்கவும்" என்று பலகை வைத்திருந்தது. துப்பக்கூடாது என்று சொல்ல வந்த மதில் ஒன்று "இங்கே தப்ப வேண்டாம்" என்று மிரட்டியது. எல்லாவற்றையும் படம் பிடித்து முகநூலில் போடுவார். பதினோராயிரம் பேர் பார்த்துச் சிரித்தார்கள். கொழும்புத் தமிழர் மத்தியில் அவருக்குப் 'பிழை பிடிக்கிற ஐயா' என்று பெயர் விழுந்தது. அதை அவர் பட்டம் என்றே எடுத்துக்கொண்டார்.

"இஞ்சருங்கோ, ஊரான்ர பிழையைப் பொறுக்கி அல்பம் போடுற மனிசனை நான் வேறெங்கயும் காணேல்லை" என்பார் மனைவி சிவக்கொழுந்து.

"பிழையைச் சொன்னால்தானே திருத்துவினம்?"

"ஓம், நீங்கள் வீட்டில செய்யிற பிழையளை நான் சொல்லித்தானே நீங்கள் திருத்தினனீங்கள்."

ஒரு நாள் பம்பலப்பிட்டியில் இருந்து பிறிஜெற் தொலைபேசி எடுத்தாள். சிறு குதிரை வளர்ப்போர் கழகம் ஒன்றின் செயலாளர் அவள். தமிழ் நன்றாகக் கதைப்பாள், வாசிக்க வராது.

"அங்கிள், குதிரைக் காட்சிக்கு என்ட்ரி ஃபோம் ஒண்டு அடிக்கிறம். இங்லிஷும் சிங்களமும் ரெடி. தமிழ் போடாட்டி நீங்களே படம் எடுத்துப் போட்டுருவீங்கள். பின்னேரத்துக்குள்ள செய்து தருவீங்களா?"

முகத்துதி அளவோடு இருந்ததால் கதிர்காமநாதன் ஒப்புக்கொண்டார். கூலி கேட்கவில்லை. கூலி வாங்காமல் செய்யும் வேலையில் பிழை வராது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

குதிரையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது சாலையில் வந்தால் விலக வேண்டும் என்பதுதான். கழகம் வளர்ப்பதோ நாம் அறிந்த குதிரையல்ல. அது ஒரு குள்ள இனம். முற்றி வளர்ந்த பிறகும், பிடரிமயிரின் கடைசி மயிர் முளைக்கும் இடத்தில் அளந்தால் முப்பத்துநான்கு அங்குலத்தைத் தாண்டக்கூடாது. குட்டி போடும், கிழடாகும், ஆனால் உயரம் அவ்வளவுதான். படிவத்தில் போட்டிப் பிரிவுகள் வரிசையாக இருந்தன. இந்தக் குள்ள இனத்துக்கு ஒன்று, ஒரு வயதுக்குட்பட்ட கன்றுகளுக்கு ஒன்று, இன்னும் சில.

குள்ள இனத்துக்கு அகராதியைப் புரட்டி 'மட்டக் குதிரை' என்று போட்டார். கன்றுக்கு முதலில் 'குதிரைக் குட்டி' என்றுதான் எழுதினார். பிறகு தள்ளி வைத்துப் பார்த்தார். ஆண் குதிரை, பெண் குதிரை, மட்டக் குதிரை என்று எல்லா வரியும் குதிரையில் முடிய, இது ஒன்று மட்டும் குட்டியில் முடிந்து கண்ணை உறுத்தியது. சொற்களை இடம் மாற்றி 'குட்டிக் குதிரை' என்று ஆக்கினார். பக்கத்தில் இருந்த 'ஒரு வயதுக்குட்பட்ட' என்பதையும் வெட்டினார். குட்டி என்றாலே வயது குறைந்ததுதானே, எதற்கு ஒரே விடயத்தை இரண்டு தரம் சொல்வது? அழகாக வந்திருந்தது. அரை மணித்தியாலத்தில் முடித்து அனுப்பிவிட்டு, முகம் கழுவி, கடற்கரைக்கு நடக்கப் போனார்.

அந்தத் தமிழ்ப் படிவங்களில் ஒன்று கொட்டாஞ்சேனைக்குப் போனது.

அங்கே லொறி திருத்தும் பட்டறை ஒன்றின் பின்வளவில் நாகமணி என்ற ஐம்பது வயதுப் பெண் 'மெனிக்கே' என்ற குள்ளக் குதிரையை வைத்துப் பிழைத்தாள். மெனிக்கேயைப் பிறந்தநாள் விழாக்களுக்கும் பள்ளிக்கூட விளையாட்டு விழாக்களுக்கும் கூட்டிப்போய்ச் சிறுவர்களை மகிழ்விப்பது தொழில். இப்போது பள்ளிக்கூடங்கள் கழகத்தின் சான்றிதழ் இல்லாத குதிரையை உள்ளே விடுவதில்லை. சான்றிதழ் வேண்டுமானால் காட்சியில் கலந்து, சரியாக அளக்கப்பட்டு, நடுவர் முன்னால் ஒழுங்காக நிற்க வேண்டும். இதற்காக நாகமணி பட்டறையின் சீமெந்துத் தரையில் வெண்கட்டியால் நாலு வட்டம் கீறி, நாலு காலையும் நாலு வட்டத்தில் வைத்து அசையாமல் நிற்க மெனிக்கேக்கு இரண்டு மாதம் பழக்கியிருந்தாள்.

காட்சியன்று கதிர்காமநாதனுக்கும் அழைப்பு இருந்தது. சட்டையில் குத்த 'விருந்தினர்' என்று ஒரு பட்டி கொடுத்து முன்வரிசையில் இருத்தினார்கள். ஒலிவாங்கியைப் பிடித்திருந்தவர் மர்ஸூக். கலியாண மண்டபங்களில் அறிவிப்புச் செய்து பழகியவர், கூட்டத்தைச் சிரிக்க வைக்காவிட்டால் சம்பளம் செரிக்காது என்று நினைக்கும் வகை.

கன்றுகளின் பிரிவு அழைக்கப்பட்டது. மூன்று கன்றுகள் தாய்மாரை உரசிக்கொண்டு, நிற்கத் தெரியாத கால்களோடு வந்தன. அவற்றின் பின்னால், பிடரியில் சிவப்பு நாடா பின்னி, குளம்பில் தேங்காய் எண்ணெய் மினுங்க, ஒன்பது வயது மெனிக்கே நடந்து வந்தது. நாகமணி வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் போட்டு, கயிற்றைப் பிடித்திருந்தாள். மெனிக்கே நாலு காலையும் கணக்காக வைத்து நின்றது. அன்று மைதானத்தில் அவ்வளவு ஒழுங்காக நின்றது அது ஒன்றுதான்.

"இந்தப் புள்ளைட உம்மா எங்க?" என்றார் மர்ஸூக் ஒலிவாங்கியில். "காலி ரோட்டு டிராபிக்ல மாட்டிட்டாவோ?" அதையே சிங்களத்திலும் சொன்னார். மைதானம் சிரித்தது. கதிர்காமநாதனும் சிரித்தார்.

நடுவர் ஜொனாதன் மெனிக்கேயின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பிறிஜெற்றைக் கூப்பிட்டார். வயதைப் பொய்யாகக் காட்டினால் அன்றைய போட்டி எதிலும் இடமில்லை, அதற்கு மேல் மூன்று வருடத் தடை என்பது கழகத்தின் விதி. நாகமணி சிங்களத்தில் படபடத்தாள்: நான் பொய் எழுதவில்லை, ஃபோமில் இருந்ததைத்தான் எழுதினேன். பிறிஜெற் அவள் நிரப்பிய படிவத்தை எடுத்துக்கொண்டு முன்வரிசைக்கு வந்தாள்.

"அங்கிள், இதில தமிழ் சரிதானே? அந்த அன்ரி ஃபோம் பிழை எண்டு சொல்றா."

கதிர்காமநாதன் பார்த்தார். 'குட்டிக் குதிரை' என்பதற்கு எதிரே பெரிதாக ஒரு சரி. 'மட்டக் குதிரை'க்கு எதிரே பேனாவை ஊன்றி அழுத்திய ஒரு கோடு. வாசித்த கணமே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த இரண்டு பேர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அவருடைய முகநூல் வாசகர், வந்தவுடன் கைகுலுக்கியவர்.

"இலக்கணப்படி சரி" என்றார்.

அதில் பொய் ஒன்றுமில்லை. இலக்கணப்படி அது சரிதான். மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கு மட்டுமே வாய்க்கும் வசதி அது: பிழையில்லாத ஒரு வசனத்தால் ஒரு மனுசியைப் பொய்க்காரி ஆக்குவது. நாகமணி மெனிக்கேயைத் திருப்பிக்கொண்டு, கூட்டத்தின் நடுவால் வெளியே போனாள். மெனிக்கே மட்டும் போக மனமில்லாமல் இரண்டு தரம் நின்று காலை ஒழுங்காக வைத்துப் பார்த்தது. இவ்வளவு சொல்லிக் கொடுத்துவிட்டு ஏன் இழுக்கிறாள் என்று அதற்கு விளங்கவில்லை.

அன்றிரவு சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். சிவக்கொழுந்து கேட்டதும் முழுவதையும் சொல்லிவிட்டார். மனைவி சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். ஏதாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் காலை கதவு மணி அடித்தது. திறந்த சிவக்கொழுந்துக்கு முன்னால் நாகமணி நின்றாள், கையில் படிவத்தின் போட்டோக் கொப்பி.

"அம்மா, இங்கதானே தமிழ்ல தப்பு புடிக்கிற ஐயா இருக்காங்க?"

கதிர்காமநாதன் உள்ளறைக்குள் போகலாமா என்று யோசித்தார். வீட்டில் இரண்டே அறை. இரண்டும் அவளுக்குத் தெரிந்தன.

"சார், அன்னைக்கி கிரவுண்ட்ல நீங்க சரின்னு சொல்லிட்டீங்க. ஒங்க மேல தப்பில்ல. அவசரத்துல பாத்திருப்பீங்க. இப்ப ஆற அமர ஒருவாட்டி பாருங்க" என்று படிவத்தை நீட்டினாள். "மட்டக் குதிரைன்னு போட்டிருக்கானுங்க. மட்டம்னா என்னாங்க சார்? மட்டமான துணி, மட்டமான அரிசி. என் மெனிக்கேய மட்டம்னு நானே டிக் போடுவேனா?"

"அது... அகராதியில அப்பிடித்தான்..."

"சரி, அத விடுங்க. குட்டிக் குதிரைன்னா என்னாங்க? குட்டியா இருக்கிற குதிரை. பெறந்த குட்டின்னா குதிரைக்குட்டின்னுல்ல எழுதணும்? ஆட்டுக்குட்டி, பூனைக்குட்டின்னு எங்க தோட்டத்து லயத்துப் புள்ளைக்குக்கூடத் தெரியும். இத மொழிபெயர்த்த ஆளு தமிழாளே இல்ல சார். எங்கயோ கம்பியூட்டர்ல போட்டு எடுத்திருக்கான்."

தேத்தண்ணியோடு வந்த சிவக்கொழுந்து அதை மேசையில் வைத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"நீங்க ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க சார். ஃபோம் தப்புன்னு ஒங்கள மாதிரி ஆளு சொன்னாத்தான் நம்புவாங்க. எனக்கு மூணு வருசம் தடை போட்டுட்டாங்க, ஸ்கூல் எல்லாம் போச்சு. அத விடுங்க, பொய்க்காரின்னுல்ல பேரு வந்திருச்சு."

அவர் கடதாசி எடுத்தார். கை பழக்கத்தில் ஓடியது: 'மேற்படி படிவத்தின் தமிழ் மொழிபெயர்ப்பில் தவறொன்று ஏற்பட்டுள்ளமை அறியக்கிடக்கின்றது.' அரசாங்கத் தமிழின் பெரிய அருமை அதில் யாரும் எதையும் செய்வதில்லை என்பது. எல்லாம் ஏற்படும், மழை மாதிரி. வாசித்துக் காட்டினார்.

நாகமணி கவனமாகக் கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா தப்பு யாரு பண்ணினான்னு அதுல வரலியே?"

சிவக்கொழுந்து ஜன்னல் பக்கம் திரும்பினார்.

கதிர்காமநாதன் அந்த வசனத்தை வெட்டினார். வெட்டிய இடத்தில் எழுதி முடிக்க வெகுநேரம் எடுத்தது. வாசிக்கும்போது கண்ணைத் தாளை விட்டு எடுக்கவில்லை. "இந்தப் படிவத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவன் நான். பிழை என்னுடையது."

லிப்ட் மேலே வந்து நிற்கும் சத்தம் கேட்டது. யாரோ இறங்கிப் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள்.

"நீங்களா சார்?"

"ஓம்."

நாகமணி தேத்தண்ணியைத் தொடவில்லை. "தப்பா எழுதுறது மனுசனுக்கு வர்றதுதான். அன்னைக்கி அந்தப் புள்ள ஃபோமோட வந்து ஒங்ககிட்ட கேட்டிச்சில்ல? அப்ப ஒங்களுக்குத் தெரிஞ்சிருச்சா, தெரியலியா?"

"தெரிஞ்சிட்டுது."

"அதையும் எழுதுங்க."

எழுதினார்.

"அப்புறம் சார், என்னைய மைக்கில வச்சுத்தான் சிரிச்சாங்க. இதையும் மைக்கிலதான் வாசிக்கணும்."

கழகம் தடையை நீக்கியது. இரண்டு மாதம் கழித்து நடந்த அடுத்த காட்சியில் பிறிஜெற் ஒலிவாங்கியை அவரிடமே தந்தாள். தமிழை வாசிக்க அவளால் முடியாது, மர்ஸூக்கோ முதல் தடவையாக வாய்க்கு வேலை இல்லாமல் நின்றார். கதிர்காமநாதன் தமிழில் வாசித்தபோது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. அத்தோடு இறங்கியிருக்கலாம். நாகமணி கயிற்றைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிங்களத்தில் வாசித்தார், பேச்சு அடங்கியது. ஆங்கிலத்தில் வாசித்தார்; "பிழை என்று தெரிந்தும் சரி என்று சொன்னேன்" என்ற இடத்தில் முன்வரிசையில் ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, உடனே தன் சப்பாத்தைப் பார்த்தார். மூன்று மொழியிலும் ஒரு சொல்கூடப் பிசகவில்லை. வாழ்க்கையில் அவர் செய்த மிகச் சரியான மொழிபெயர்ப்பு அதுதான் என்று சொல்லலாம். அதை யாரும் சொல்லவில்லை.

பிறகு குள்ளக் குதிரைகளின் பிரிவு. புதிய படிவத்தில் அந்தப் பெயரைத்தான் போட்டிருந்தார்கள். நாகமணிக்கு அதுவும் அவ்வளவு பிடிக்கவில்லை, ஆனால் ஒப்புக்கொண்டாள். அளவுகோலின் குறுக்குச் சட்டத்தைப் பிடரியின் கடைசி மயிரில் இறக்கினார்கள். முப்பத்தொன்றரை அங்குலம். மெனிக்கே வட்டமே இல்லாத புல்லில் நாலு வட்டத்தைக் கண்டதுபோல் நின்றது. ஜொனாதன் இரண்டு தரம் சுற்றி வந்தார். நாலு குதிரைகளில் மெனிக்கே மூன்றாவது. பின்னங்கால் கொஞ்சம் உள்வாங்கியிருக்கிறது என்றார். சான்றிதழுக்கு அது போதும்.

கூட்டம் கலைந்ததும் கதிர்காமநாதன் வாழ்த்துச் சொல்லப் போனார். என்ன சொல்வது என்று வழியெல்லாம் வசனம் தேடிக்கொண்டு போனார். நாகமணி மூன்றாம் இடத்துக்கான மஞ்சள் நாடாவைக் கடிவாளத்தில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நாகமணி அம்மா..."

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் அவள் திரும்பாமல். "மெனிக்கே பயப்புடுது."

ஒலிபெருக்கிக்கும் பட்டாசுக்கும் பலூன் வெடிப்புக்கும் அசையாமல் வருடக்கணக்காக நின்று பழகிய மெனிக்கே அவருடைய சட்டைக் கையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. கதிர்காமநாதன் கையை மெதுவாக இழுத்து எடுத்துக்கொண்டு, சொன்னபடி தள்ளி நின்றார்.