பெண் பூச்சி கத்தாது

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில், மணி 3.10-க்கு.

டரான்டுலா சிலந்தியின் விஷத்துக்கென்று தனி மருந்து எங்கள் ஆய்வகத்தில் இல்லை. வேறு சிலந்திகளுக்காக ஏற்கெனவே இருக்கும் ஆறு விஷமுறிவு மருந்துகளில் ஏதாவது கேட்குமா என்று சுவர்க்கோழிப் பூச்சிகளை வைத்துச் சோதித்தோம். மருந்துக்கு ஒரு பெட்டி, பெட்டிக்குப் பத்துப் பூச்சி. எல்லாம் பெண். ஆண்தான் கிர்ர் என்று கத்தி உயிரை வாங்கும். பெண்ணுக்குச் சத்தமே கிடையாது. விஷமும் மருந்தும் ஏற்றிய ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளை நகப்பூச்சால் பொட்டு வைப்பேன்.

பெட்டிகளைப் பார்த்துக்கொண்டது அக்கா. கூடப் பிறக்காத அக்கா, ஏழு வருடப் பழக்கம். மறுநாள் மூன்றாம் பெட்டியில் மட்டும் பத்தும் உயிரோடு இருந்தன.

"பாத்தியா, கேட்டுடுச்சு!" என்றாள்.

எண்ணினேன், முடிவுத் தாளில் கையெழுத்துப் போட்டேன். பொட்டைப் பார்க்கவில்லை. அக்கா பார்த்த பெட்டி ஆயிற்றே.

அடுத்த நாள், எங்களுக்குச் சிலந்தி விஷம் எடுத்துத் தரும் அண்ணனையே ஒரு டரான்டுலா கடித்துவிட்டது. கை கால் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூன்றாம் மருந்தை அனுப்பினேன். கேட்காத மருந்து சும்மா போகாது. உடம்புக்கு ஒவ்வாவிட்டால் ஆளையே கொன்றுவிடும்.

3.10. அறையில் நான் மட்டும்.

கிர்ர்ர்...

ஆண் ஒன்று கலந்துவிட்டதோ? பெட்டி பெட்டியாகக் காதை வைத்தேன். இல்லை.

கிர்ர்ர்... கிர்ர்ர்...

அக்காவின் மேஜை. கீழ் டிராயர்.

3.14. திறந்தேன்.

சத்தம் நின்றது.

ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே செத்த பூச்சிகள். பத்து. எல்லாம் பெண். எல்லாவற்றின் முதுகிலும் வெள்ளைப் பொட்டு.

மூன்றாம் பெட்டிக்கு ஓடினேன். அங்கே துள்ளிக்கொண்டிருந்த பத்தில் ஒன்றுக்கும் பொட்டு இல்லை.

3.17. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன்.

"அந்த மருந்தைப் போடாதீங்க!"

"ஊசியில எடுத்தாச்சே, போடத்தான் போறேன்..." என்றாள் நர்ஸ். "சரி, நிறுத்திட்டேன்."

அண்ணன் நாலு நாள் வலியில் துடித்துப் பிழைத்தார். எனக்குப் பயத்தைவிட வயிற்றெரிச்சல்தான் அதிகம். கூட இருந்தே குழி பறித்திருக்கிறாள், அதுவும் என் கையெழுத்தை வைத்து.

அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போனேன்.

"எதுக்குக்கா பூச்சியை மாத்தின?"

அவள் மறுக்கவில்லை. "ஒண்ணாவது கேக்கலேன்னா ஆராய்ச்சியையே மூடிடுவாங்கடி. உனக்கு யாரு சொன்னா?"

பொட்டலத்தை அவள் முன் வைத்தேன்.

அதைத் தொடவில்லை. பின்னால் நகர்ந்தாள்.

"இது... இதை நேத்தே உலையில போட்டு எரிச்சுட்டேனே. சாம்பலாகுற வரைக்கும் நின்னு பாத்தேன்டி..."